வியாழக்கிழமை இழுப்பு

வேலூரிலிருந்து ஆஸ்பத்திரி மோட்டார் வியாழக்கிழமைகளில் மட்டும் வந்தது. ஆம்பூருக்கு அரை மைல் இப்பால், ரோட்டோரம் ஒரு மைல்கல்லும் அதை ஒட்டி ஒரு புங்கமரமும் இருந்தன. காலை எட்டு மணிக்கு வண்டி அங்கே நிற்கும். டிரைவர் தானியேல் இறங்கி, பின்பக்கத்துப் பலகையைத் தாழ்த்தி மேஜையாக்கி, மருந்துப் புட்டிகளை அடுக்குவார். ஒன்பதரை மணிக்குப் பலகை மறுபடி மேலே ஏறிவிடும், வண்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். மற்றக் கிழமைகளில் வியாதி கண்டவர்கள் வியாழன்வரை காத்திருக்க வேண்டும், அல்லது சாக வேண்டும். இரண்டுமே நடந்தன.

1931ஆம் வருஷம் ஆடி மாதம் அந்த மோட்டாரில் ஆறு பெண்கள் கூடுதலாக வந்தார்கள். சென்னையில் வைத்தியம் படிக்கிறவர்கள். கடைசி வருஷப் பயிற்சிக்காக வேலூரில் பெண்களுக்கென்று இருந்த அந்தச் சிறிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். அவர்களுக்குப் பாடம் சொன்னவர் டாக்டர் லேயாள் அம்மாள். திருநெல்வேலிக்காரர், நாற்பத்தைந்து வயது, விதவை. வெள்ளைப் புடவையும் கறுப்பு பூட்சுமாக வெயிலில் நிற்பார். அவர் "சொல்லுதேன்", "பாக்குதேன்" என்று பேசும்போது ஆம்பூர்ப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். மருந்தைப் பற்றி மட்டும் யாரும் சிரித்ததில்லை.

ரோட்டுக்கு மறுபுறம் தோல் பதனிடும் கிடங்கு ஒன்று. அதன் பின்சுவரை ஒட்டி எட்டு வீடுகள், நடுவில் உள்ளதில் பட்டம்மாள் குடியிருந்தாள். புருஷன் பச்சையப்பன் சுண்ணாம்புக் குழியில் தோலைப் புரட்டிப் போடுகிறவன். அவன் விரல் நுனிகளைச் சுண்ணாம்பு தின்றிருந்தது. களியைக் கையால் பிசையும்போது எரியும் என்பதால் கரண்டிக் காம்பால் கிண்டித் தின்பான். பட்டம்மாள் அதே கிடங்கின் பட்டைக் கொட்டகையில் வேலை பார்த்தாள்.

தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டை வேண்டும். நாட்றம்பள்ளிப் பக்கமிருந்து கட்டுக் கட்டாக மாட்டு வண்டியில் வரும். காய வைத்து, எண்ணெய் எஞ்சின் வைத்த மிஷினில் கொட்டினால் செம்பழுப்பாகத் தூள் விழும். பெண்கள் உட்கார்ந்து அதைச் சலித்து மூட்டை பிடிப்பார்கள். மாலையில் அவர்கள் வெளியே வரும்போது புருவம், காதுமடல், பல் எல்லாம் ஒரே நிறமாக இருக்கும். வீடு கொட்டகைச் சுவரோடு ஒட்டியது. ஆடிக் காற்று பாலாற்று மணலையும் பட்டைத் தூளையும் சேர்த்து ஓட்டுச் சந்து வழியாக உள்ளே இறக்கும். களிச் சட்டியை மூடி வைத்தாலும் மேலே செம்பழுப்பாய் ஓர் ஆடை படியும். அதை வழித்துப் போட்டுவிட்டுத் தின்பார்கள்.

அவர்களுக்கு ஒரே பெண், எல்லம்மா, ஆறு வயசு. அவளுக்கு இழுப்பு. வந்துவிட்டால் இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, தோளைத் தூக்கி, வாயைத் திறந்து காற்றைத் தேடுவாள். நெஞ்சுக்குள் யாரோ சீழ்க்கை அடிப்பதுபோலச் சத்தம் வரும். மூத்தவன் ஒருவன் இருந்தான். இதே இழுப்பில், இதே வீட்டில், இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை போய்விட்டான். அதனால் எல்லம்மாவின் மூச்சுச் சத்தம் மாறும்போதெல்லாம் பட்டம்மாள் எந்த வேலையில் இருந்தாலும் தலையைத் தூக்குவாள்.

முதல் வியாழக்கிழமை அவள் பெண்ணை மரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். எல்லம்மா மைல்கல்லின்மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மாள் காதில் மாட்டிய குழாயை மார்பில் வைத்துக் கேட்டார். முதுகில் வைத்துக் கேட்டார். "பிள்ளை நல்லாத்தானம்மா இருக்கு? ஒரு சத்தமும் இல்லையே."

"நேத்திக்கு மிந்தாநாளு பூராவும் இஸ்த்துக்கினு கெடந்துச்சு டாக்டரம்மா. உசுரு போயி உசுரு வந்துச்சு."

"ராத்திரியில வருமா, பகல்ல வருமா?"

"ரெண்டு வேளையும் வருது."

சம்பூர்ணம் என்ற மாணவி சீட்டில் எழுதிக்கொண்டாள். அவள் இந்தப் பக்கத்துக் கலவை ஊர்க்காரி. மற்ற ஐந்து பேருக்கும் பட்டம்மாளின் பேச்சில் பாதி பிடிபடவில்லை, இவளுக்கு எல்லாம் பிடிபட்டது. அச்சடித்த சீட்டில் 'காரணம்' என்று ஓர் இடம் இருந்தது. சம்பூர்ணம் நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தாள். வரிசையில் இன்னும் நாற்பது பேர் நின்றார்கள். 'தெரியவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தாள்.

அடுத்த வியாழக்கிழமையும் அப்படியே. செவ்வாய்க்கிழமை நீலம் பாய்ந்து கிடந்த பெண் வியாழக்கிழமை தானியேலிடம் காலிப் புட்டி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தா பாரும்மா" என்றார் டாக்டர். "இழுப்பு இருக்கும்போது கூட்டிட்டு வா. அப்பத்தான் ஊசி போட முடியும். இந்தப் பிள்ளைங்களும் படிக்க வந்தவங்க. புஸ்தகத்துல வாசிச்சிருக்காங்களே தவிர, சின்னப் பிள்ளை மார்புல அந்தச் சத்தத்தை ஒருத்தியும் கேட்டதில்ல. நாளைக்கு இவங்கதானே ஊர் ஊராப் போயி வைத்தியம் பாக்கணும்? இழுப்போட வா. சும்மா வந்தா நான் என்ன செய்ய?"

பட்டம்மாள் தலையாட்டினாள். அந்த வார்த்தைகளை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

கொட்டகையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து சலிப்பவள் தில்ஷாத். புருஷன் இல்லாதவள், வாய்க்காரி. மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசுவாள்.

"எங்க அக்கா புள்ளைக்கு இதே பேஜாருதான்மே. வேலூர்ல இட்டும்போயி ஒரு ஊசி போட்டாங்க. ஒரே ஊசி! எண்ணி அஞ்சு நிமிசம். பூந்து வெளையாடுறான்."

"மறுபடியும் வர்லியா?"

"எங்க வர்றது? அவன் இப்ப பெங்களூர்ல கீறான். நல்லாத்தான் கீறானாம்."

"எங்களுக்குத் தரமாட்டேங்குறாங்களேக்கா. இழுப்போட வரணுமாம்."

"அப்ப இழுப்போட போ."

"அது வியாழக்கெழம பாத்தா வருது?"

தில்ஷாத் சல்லடையைத் தட்டினாள். "அதத்தான் நீ போயி மோட்டார்காரங்கள கேளு. ஏம்மா, உங்க வண்டிய செவ்வாக்கெழம ஓட்டக்கூடாதான்னு."

இருவரும் சிரித்தார்கள். சிரித்ததில் தூள் தொண்டைக்குள் போய் இருமினார்கள். மேஸ்திரி நசீர் அகமது வாசலில் நின்று, "ஏம்மா, வேல கம்மி, சிரிப்பு ஜாஸ்தியா கீதே" என்றார். அவர் நல்ல மனுஷர். கூழ் கொண்டுவரும் எல்லம்மாவைக் கொட்டகைக்குள் விட்டதில்லை. "வெளியவே நில்லு பேட்டீ" என்று மகளைப்போல அழைத்து, சட்டியைத் தாமே வாங்கிக் கொடுப்பார். பங்குனியில் ஒருநாள் அவர் இல்லாதபோது எல்லம்மா உள்ளே வந்துவிட்டாள். அப்போதுதான் ஒரு புது மூட்டையைப் பிரித்திருந்தார்கள். சட்டியைக் கீழே வைப்பதற்குள் அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. அது பட்டம்மாளுக்கு நன்றாக நினைவிருந்தது.

புதன்கிழமை சாயந்திரம், பச்சையப்பன் கருவாட்டுக் குழம்பில் களியைத் தோய்த்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்.

"நாளைக்கு ஊசி போட வெச்சிருவேன்."

"இழுப்பு கீதா?"

"காலைல வரும்."

பச்சையப்பன் கரண்டிக் காம்பைக் கீழே வைத்தான். பெண் மூலையில் காலிப் புட்டியில் தண்ணீரும் தூளும் கலந்து மருந்து செய்துகொண்டிருந்தாள். அவன் அதைப் பார்த்தான், பிறகு சுவரைப் பார்த்தான். சுவருக்கு அப்பால் பட்டைக் கொட்டகை.

"வேணாம்மே" என்றான்.

"மூத்தவன வெச்சிக்கினு வேணாம் வேணாம்னுதான் உக்காந்திருந்தோம். இன்னா ஆச்சு? ஒரு ஊசி போட்டா தீந்துடும்யா. பக்கத்துலயே டாக்டரு நிக்கிறாங்க. அவங்க எதிர்ல வர்றதுக்கும், ராத்திரில நம்ம எதிர்ல வர்றதுக்கும் வித்தியாசம் இல்லியா?"

அவன் காம்பை மறுபடி எடுத்துக்கொண்டான். அவள் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் அவனுக்குப் பட்டது.

வியாழக்கிழமை காலை ஏழரை மணி. மிஷின் இன்னும் ஓடவில்லை. பட்டம்மாள் பெண்ணின் தலையை வாரி, முகம் கழுவி, சுத்தமான பாவாடை கட்டி, கையைப் பிடித்துக் கொட்டகைக்குள் கூட்டிப்போனாள்.

"மேஸ்திரி திட்டுவாரும்மா" என்றாள் எல்லம்மா.

"அவுரு இன்னும் வர்ல. வா."

முந்தின நாள் சலித்த தூள் மூங்கில் கூடையில் குவிந்திருந்தது. பட்டம்மாள் பெண்ணைக் கூடையருகே மண்டியிட வைத்து, பின்னங்கழுத்தில் கை வைத்து முகத்தைத் தாழ்த்தினாள். இன்னொரு கையால் தூளைக் கிளறினாள்.

"மூச்சு இயு. நல்லா இயு. இன்னும் ஒரு வாட்டி. அவ்ளோதான், என் கண்ணு."

எல்லம்மா அம்மா சொன்னபடி இழுத்தாள்.

மோட்டார் வந்து நின்றபோது பட்டம்மாள்தான் வரிசையில் முதல் ஆள். இடுப்பில் பெண் தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்கியது. இரண்டு கஜத்துக்கு அப்பாலேயே சத்தம் கேட்டது.

"இட்டாந்துட்டேன் டாக்டரம்மா" என்றாள் பட்டம்மாள். அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது.

டாக்டர் லேயாள் உடனே பெண்ணைப் பலகையின்மேல் உட்கார வைத்தார். கேட்டார். நாடி பார்த்தார். தானியேல் கொடுத்த அட்ரினலின் மருந்தை ஊசியில் ஏற்றிக் கையில் தயாராக வைத்துக்கொண்டார். பிறகு மாணவிகளைப் பார்த்துத் திரும்பினார்.

"வாங்க, வரிசையா வாங்க. ஊசி போட்டா அஞ்சு நிமிஷத்துல இந்தச் சத்தம் போயிரும். அதுக்கு முன்னால ஆளுக்கு ஒரு தடவை கேட்டுருங்க. முதுகுல வையி. மூச்சு வெளிய விடும்போது நீளுதா? அதைக் கவனி. அடுத்தவ வா."

முதல் பெண் கேட்டாள். இரண்டாவது பெண் குழாயைத் தவறாக மாட்டிக்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை என்றாள். டாக்டர் திருத்தி மாட்டிவிட்டார். மூன்றாவது பெண்ணிடம் எந்தப் பக்கம் அதிகம் என்று கேட்டார். அவள் யோசித்து, மறுபடி வைத்துப் பார்த்து, இரண்டு பக்கமும் என்றாள். "சரியாச் சொன்னே." நான்காவது பெண் கேட்டாள். ஊசி டாக்டரின் வலது கையில், மேல் நோக்கியபடி இருந்தது. வெயில் அதில் பட்டுக் கண்ணாடி மின்னியது. பட்டம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வரிசையில் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

ஐந்தாவதாகக் கேட்ட சவுரியம்மாள் முகம் மலர்ந்தாள். "சத்தம் குறைஞ்சுட்டு வருது டாக்டர். இப்ப தேவலை போல இருக்கு. தானாவே அடங்கிடுச்சு."

"அப்படியா? சம்பூர்ணம், நீ கேளு."

சம்பூர்ணம் குழாயை வைத்தாள். வலது பக்கம், இடது பக்கம், கீழே, மேலே. அவளுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. சீழ்க்கையும் இல்லை, மூச்சுமில்லை. பூட்டிய வீட்டுக் கதவில் காதை வைத்ததுபோல் இருந்தது. அவள் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். உதடு நாவற்பழம் தின்றதுபோலிருந்தது. கண்கள் திறந்திருந்தன. அவை யாரையும் பார்க்கவில்லை.

"டாக்டர், ஒண்ணும் கேக்கலை."

"கேக்கலைன்னா?"

"காத்தே போகலை டாக்டர்."

லேயாள் அம்மாள் திரும்பினார். "எட்டி, விலகு!" என்று கத்தினார். அந்தக் குரலை அதுவரை யாரும் கேட்டதில்லை. ஊசி குழந்தையின் புஜத்தில் இறங்கியது. எல்லம்மாவின் தலை சம்பூர்ணத்தின் தோளில் சரிந்தது. டாக்டர் புஜத்தைத் தேய்த்தார், தாடையைத் தூக்கிப் பிடித்தார், கடிகாரத்தைப் பார்த்தார், இன்னொரு ஊசிக்குக் கை நீட்டினார். தானியேல் அவசரத்தில் தட்டிவிட்ட புட்டி ஒன்று ரோட்டில் விழுந்து உடைந்தது. ஒரு மாட்டு வண்டி பட்டைக் கட்டுகளோடு மெதுவாகக் கடந்து போனது.

பிறகு, நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய சீழ்க்கை ஒன்று திரும்பி வந்தது. சம்பூர்ணம் தன் வாழ்க்கையில் அவ்வளவு ஆசையோடு எந்தச் சத்தத்தையும் கேட்டதில்லை. அரை மணி நேரத்தில் குழந்தை இருமியது, வாந்தி எடுத்தது, அழுதது.

சம்பூர்ணம் பஞ்சை நனைத்து அவள் முகத்தைத் துடைத்தாள். பஞ்சு செம்பழுப்பானது. இன்னொரு பஞ்சால் மூக்கைத் துடைத்தாள். அதுவும் அப்படியே. இமைகளின் அடியில் கூடத் தூள் இருந்தது. ஆனால் தலை வாரியிருந்தது, பாவாடை சுத்தமாக இருந்தது.

"இது இன்னா தூளும்மா?"

"பட்டத் தூளு."

"மூக்குக்குள்ள எப்டி வந்துச்சு?"

"நான்தான் இயுக்க வெச்சேன்" என்றாள் பட்டம்மாள்.

சம்பூர்ணத்துக்குக் கேட்டது. புரிய நேரமாயிற்று. டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"என்ன சொல்லுதே?"

"நீங்கதானே டாக்டரம்மா சொன்னீங்க? இழுப்போட வான்னு. அது செவ்வாக்கெழம வருது, ஞாயித்துக்கெழம வருது. உங்க மோட்டாரு வியாழக்கெழமதான் வருது. நான் இன்னா பண்றது? ரெண்டு வாட்டி தொரத்தி உட்டீங்க. அதான் காலைல கொட்டாய்க்கு இட்டும்போயி வர வெச்சி இட்டாந்தேன்."

"தூள் பட்டா இழுப்பு வரும்னு உனக்குத் தெரியுமா?"

"இது தெரியாதா? மூத்தவனுக்கும் அதான். புது மூட்ட பிரிச்சா அன்னிக்கி கண்டிப்பா வரும்."

"ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

பட்டம்மாள் அவரை வியப்போடு பார்த்தாள். "நீங்க கேக்கலியே. ராத்திரியா பகலான்னு கேட்டீங்க. சொன்னேன்."

யாரோ ஒரு மாணவி அழ ஆரம்பித்தாள். சவுரியம்மாள் சற்றுத் தள்ளிப் போய், சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். "பெத்த தாயா இவ" என்று வரிசையில் ஒரு கிழவர் சொன்னார். பட்டம்மாளுக்கு அப்போதுதான் ஏதோ தவறாகிவிட்டது என்று தெரிந்தது. எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாதில நெலம மோசமாத்தான் ஆச்சு, எனக்கும் தெரிஞ்சிச்சு" என்றாள். "மூத்தவனுக்கும் கடசீல இப்டித்தான் சத்தம் அடங்கிச்சு. ஆனா ஊசி உங்க கைல இருந்துச்சு. இந்தப் பொண்ணுங்க அல்லாரும் கேட்டு முடிச்சாத்தான் போடுவீங்கன்னு நெனச்சேன். அதான் சொம்மா நின்னேன்."

டாக்டர் லேயாள் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தார். மரத்தடியில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, "தானியேல், பிள்ளையையும் தாயையும் வண்டியில ஏத்து. வேலூருக்குப் போறோம்" என்றார். அன்று அடுத்த ஊரில் மோட்டார் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஏழு நாள். எல்லம்மாவுக்கு ஒரு தடவைகூட இழுப்பு வரவில்லை. பாலும் ரொட்டியும் சாப்பிட்டாள். வராந்தாவில் ஓடினாள். காலையில் ஆறு மாணவிகளும் வந்து குழாய் வைத்துக் கேட்பார்கள். டாக்டர் இப்போது வேறு மாதிரி பாடம் சொன்னார். "இதுதான் நல்ல மார்பு. இதைத் தினமும் கேளுங்க. சத்தம் கேக்கத்தான் படிக்கிறோம்னு நினைக்காதீங்க." முதல் நாள் மாலையே அவர் எல்லாச் சீட்டுகளையும் வாங்கி, 'தெரியவில்லை' என்றிருந்த இடங்களில் எல்லாம் ஒரு கோடு கிழித்து, 'கேட்கவில்லை' என்று தன் கையால் எழுதியிருந்தார்.

அவள் மேல் தப்பில்லை என்று பட்டம்மாளிடம் பலர் சொன்னார்கள். டாக்டரும் சொன்னார். அவள் தலையாட்டினாள். ஆனால் அந்த ஏழு நாளும் அவள் பெண்ணின் கட்டிலில் உட்காரவில்லை. கீழே, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பச்சையப்பன் ரயிலேறி வந்தான். வேர்க்கடலை அவித்து மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"மேஸ்திரி கைல சொல்லிட்டேன்மே. ஆத்துப் பக்கம் காலியா ஒரு ஊடு கீது, கொட்டாய்லேர்ந்து தூரம். அத்த குடுக்கறேன்றாரு. உனக்கு இனிமே பட்ட வேல இல்ல. தோலு அலசுற எடத்துல."

"அங்க நாறும்."

"நாத்தத்துல யாரும் சாவல" என்றான் பச்சையப்பன்.

அவள் ஒரு கடலையை உரித்துப் பெண்ணிடம் கொடுத்தாள்.

மறு வியாழக்கிழமை. மோட்டார் ஆம்பூர் போகும் நாள். போகிற வழியில் அவர்களை இறக்கிவிடுவதாக ஏற்பாடு. பட்டம்மாள் விடிந்ததும் பெண்ணின் தலையை வாரினாள், முகம் கழுவினாள், ஆஸ்பத்திரியில் வெளுத்த பாவாடையைக் கட்டிவிட்டாள். பிறகு தம்ளரைக் கழுவக் குழாயடிக்குப் போனாள்.

டாக்டரும் மாணவிகளும் கடைசி முறையாகக் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். எல்லம்மா தானாகவே ரவிக்கையைத் தூக்கிக்கொண்டாள். கைகளை மெத்தையில் ஊன்றினாள். தோளைத் தூக்கினாள். உதட்டைக் குவித்து, ஒவ்வொரு மூச்சுக்கும், "ஈ... ஈ..." என்று சன்னமாகச் சீழ்க்கை அடித்தாள்.

சவுரியம்மாள் சிரித்துவிட்டாள். "என்னடி எல்லு, ரயில் ஓட்டறியா?"

சம்பூர்ணம் குனிந்து குழாயை வைத்தாள். மார்பு சுத்தமாக இருந்தது. காற்று தடையில்லாமல் போய் வந்தது. சத்தம் வாயிலிருந்துதான்.

எல்லம்மா நிறுத்தி, அவள் காதருகே வந்தாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"இன்னிக்கி வியாழக்கெழம இல்ல?"

"ஆமா."

"அப்ப எங்கம்மா வந்தா சொல்லுக்கா, இழுப்பு தானாவே வந்துட்ச்சுன்னு. கொட்டாய்க்கு இட்டும்போவ வேணாம்னு சொல்லு."

டாக்டர் லேயாள் தானும் காதில் மாட்டியிருந்த குழாயைக் கழற்றினார். குழாயடியிலிருந்து தம்ளரோடு பட்டம்மாள் வரும் காலடி வராந்தாவில் கேட்டது. எல்லம்மா அவசரமாக மறுபடி கைகளை ஊன்றி, தோளைத் தூக்கி, வாசலைப் பார்த்துக்கொண்டே, இன்னும் சத்தமாகச் சீழ்க்கை அடிக்க ஆரம்பித்தாள்.